கதைப்பின்னலும் கருப்பொருளும்: இரண்டைக் கேட்டாலும் கதைச்சுருக்கமே எழுதிவிடுகிறேன், உதவி தேவை

கேள்வி

வணக்கம். புனைகதை வாசிப்புப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். கதைப்பின்னலையும் கருப்பொருளையும் தனித்தனியே எழுதச் சொன்னால், இரண்டு இடத்திலும் நடந்ததையே சொல்லி முடித்துவிடுகிறேன். அண்மையில் பயிற்சிக்குத் தந்த கதை இது: மகள் எழுதிய கடிதங்கள் எதற்கும் தந்தை பத்தாண்டுகளாகப் பதில் போடவில்லை. அவர் இறந்தபின் வீட்டை ஒழிக்க வரும் மகள், தகரப் பெட்டி ஒன்றில் தன் கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமல், வந்த வரிசையிலேயே அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, தன்னை அவர் வெறுத்தே இருந்தார் என்று மனம் நொந்துபோகிறாள். அவருக்கு எழுத்தே தெரியாது என்று பக்கத்து வீட்டு முதியவர் அப்போதுதான் சொல்கிறார். கருப்பொருள் ‘தந்தை மகள் பாசம்’ என்று எழுதினேன். போதாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறுகிறேன் என்று யாராவது விளக்க முடியுமா?

மறுமொழி 1

முதலில் கதைப்பின்னலைப் பார்ப்போம். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவல் பற்றி ஆற்றிய உரைகளில் சொன்ன வேறுபாடு இன்றும் உதவுகிறது. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். ‘பிறகு என்ன?’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் வரை நீங்கள் சுருக்கம்தான் எழுதுகிறீர்கள், ‘ஏன்?’ என்று கேட்கத் தொடங்கியதும் பின்னலுக்குள் வந்துவிடுகிறீர்கள்.

காரணத்தைப் போலவே வரிசையும் முக்கியம். காலப்படி பார்த்தால், தந்தைக்கு எழுத்து தெரியாது என்பதே இக்கதையின் முதல் செய்தி. ஆசிரியரோ அதைக் கடைசியில் வைத்திருக்கிறார். கதை மகளின் நோக்குநிலையில் நகர்வதால், அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்கும் தெரியாமல் இருப்பதில் ஏமாற்று ஏதுமில்லை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிலைமை புரள்வதையும், அறியாமையிலிருந்து அறிவுக்கு வருவதையும் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் தனித்தனியே பெயரிட்டு, இரண்டும் ஒருசேர நிகழும் இடத்தையே மிகச் சிறந்ததாகக் கருதினார். முதியவரின் ஒரு வாக்கியத்தில் இங்கே இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. கதையின் தொடக்கப் பக்கங்களை மறுபடி வாசியுங்கள்; இந்த முடிவுக்கான முன்னறிகுறி ஏதேனும் நிச்சயம் இருக்கும்.

வினவியவர்

மிக்க நன்றி. தேடிப் பார்த்தேன், இருக்கிறது. மகள் சிறுமியாக இருந்தபோது, எந்தத் தாளை நீட்டினாலும் தந்தை ‘கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், நீயே வாசி’ என்கிறார். இது இரண்டு இடங்களில் வருகிறது. முதல் வாசிப்பில் அதை அவருடைய மறதி என்று எண்ணிக் கடந்துவிட்டேன். பின்னல் இப்போது விளங்குகிறது, கருப்பொருள்தான் இன்னும் பிடிபடவில்லை.

மறுமொழி 2

உங்கள் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். தொல்காப்பிய மரபில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் குறிக்கும். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்களைக் குறிக்கும் உரிப்பொருளே நாம் இன்று கருப்பொருள் என்று சொல்வதற்கு நெருக்கமானது. கதைக்கரு என்ற சொல்லையோ, சிலர் கதை முளைத்த முதல் எண்ணத்துக்கும் சிலர் உட்கருத்துக்கும் வழங்குகிறார்கள். ஆகவே, எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

காப்பியம் முழுவதும் ஊடுருவி நிற்கும் பண்பைத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் பாவிகம் என்கிறது. சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக நிற்கும் பதிகத்தைப் பாருங்கள்: ‘அரசு’ என்றோ ‘அறம்’ என்றோ நிறுத்தாமல், அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்று முழுக் கூற்றாகவே சொல்கிறது. ‘தந்தை மகள் பாசம்’ என்பதில் இல்லாதது இதுதான். அது கதை எதைப் பற்றியது என்று சொல்கிறதேயொழிய, அதைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதைச் சொல்லவில்லை. பாசத்தைப் பற்றிய ஆயிரம் கதைகளுக்கு அந்தத் தொடர் பொருந்தும். இந்த ஒரு கதைக்குப் பொருந்துவதாக, வினைச்சொல்லோடு கூடிய முழு வாக்கியம் ஒன்றை, பாத்திரங்களின் பெயரும் நிகழ்ச்சிகளும் இல்லாமல் எழுதிப் பாருங்கள்.

வினவியவர்

முயன்றிருக்கிறேன்: ‘தன் குறையைச் சொல்ல வெட்கப்படுகிறவர், தாம் மிகவும் நேசிப்பவரிடமே மௌனமாகிவிடுகிறார்; அந்த மௌனம் வெறுப்பாகவே வாசிக்கப்படுகிறது.’ கண்ணாடியைப் பற்றிய பேச்சையும், கடிதங்கள் வந்த வரிசை கலையாமல் இருந்ததையும் சான்றாகக் காட்டலாம் அல்லவா?

மறுமொழி 2

தாராளமாகக் காட்டலாம். எவரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தால் உறைகள் பிரிந்திருக்கும். வெட்கம் அதற்கும் இடம்கொடுக்கவில்லை என்பதற்குப் பிரிக்கப்படாத உறைகளே சாட்சி. ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வாக்கியம் தந்தையின் பக்கத்தை முழுமையாகத் தாங்குகிறது. மகளின் பக்கத்துக்கு அதில் இடம் குறைவு. பதில் வராத பத்தாண்டுகளும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவள், ஒருமுறைகூட நேரில் வந்து கேட்டதாக நீங்கள் சொன்ன கதையில் இல்லை. ஆசிரியர் அதை வேண்டுமென்றே அப்படி அமைத்தாரா என்பதற்குக் கதைக்குள் ஒரு வரியாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், உங்கள் வாக்கியத்தின் இரண்டாம் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.