ஒரே டேட்டா, எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒரு விடை, ஆர்-இல் வேறு விடை: டூ-வே அனோவா உதவி தேவை

மார்கழிக்குயில்:
வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். டிசர்டேஷனுக்காக 120 கல்லூரி மாணவர்களிடம் பெர்சீவ்ட் ஸ்ட்ரெஸ் ஸ்கேல் (மன அழுத்தத்தை அளப்பது, 10 கேள்வி, மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை) கொடுத்து வாங்கியிருக்கிறேன். பாலினம் இரண்டு பிரிவு. வசிப்பிடம் ஹாஸ்டல், வீடு, வாடகை ரூம் என மூன்று பிரிவு. இந்த இரண்டு காரணிகளைப் பொறுத்தும் மதிப்பெண் மாறுகிறதா என்று ஒரே சமயத்தில் பார்க்க டூ-வே அனோவா.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் துறை லேபில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அதனால் வீட்டில் ஆர் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் அனோவாவுக்கான ஏஓவி கட்டளையில் முதலில் பாலினம், அடுத்து வசிப்பிடம், அப்புறம் இரண்டின் இன்டராக்‌ஷன் (ஒன்றின் தாக்கம் மற்றதைப் பொறுத்து மாறுகிறதா என்பது) என்று கொடுத்து ஓட்டினேன். பாலினத்துக்கு ஆர் சொல்வது: எஃப் 6.96, பி 0.01 (பி 0.05-க்குக் கீழே வந்தால் சிக்னிஃபிகன்ட் என்று எடுத்துக்கொள்வோம்). எஸ்பிஎஸ்எஸ் சொல்வது: எஃப் 2.89, பி 0.09. ஃபைல் ஒன்றேதான். எங்கே தவறு?

செங்கை சைக்காலஜி:
முதலில் சின்ன விஷயங்களைப் பார்த்துவிடுவோம். வசிப்பிடத்தை 1, 2, 3 என்று கோட் செய்திருந்தால் ஆர் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஃபேக்டராக, அதாவது பிரிவுகளாக, மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (பிரிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 2-க்குப் பதில் 1 என்று காட்டும். இன்னொன்று, அந்த ஸ்கேலில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகளைத் திருப்பி மதிப்பெண் போட வேண்டும். இரண்டு ஃபைலிலும் போட்டிருக்கிறதா?

மார்கழிக்குயில்:
ஃபேக்டர்தான் அக்கா, எழுத்தாகவே வைத்திருக்கிறேன். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 2, எரருக்கு 114. இரண்டிலும் அதேதான். திருப்ப வேண்டிய கேள்விகளைத் திருப்பிய பிறகுதான் ஃபைலைச் சேமித்தேன். சராசரிகள்கூட ஒன்றாகவே வருகின்றன.

எண்கணக்கன்:
அப்படியென்றால் டேட்டாவில் பிழை இல்லை. இரண்டு கேள்வி. இன்டராக்‌ஷன் வரி இரண்டு மென்பொருளிலும் ஒன்றாக இருக்கிறதா? பாலினமும் வசிப்பிடமும் சேர்ந்த ஆறு கட்டங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்?

மார்கழிக்குயில்:
ஆமாம் சார், இன்டராக்‌ஷன் இரண்டிலும் எஃப் 0.18, பி 0.84. பெண்கள்: ஹாஸ்டல் 38, வீடு 25, ரூம் 6. ஆண்கள்: ஹாஸ்டல் 12, வீடு 19, ரூம் 20.

எண்கணக்கன்:
பிடிபட்டுவிட்டது. இன்டராக்‌ஷன் ஒத்துப்போய், மெயின் எஃபெக்ட் (ஒரு காரணியின் தனித் தாக்கம்) மட்டும் மாறினால் சம் ஆஃப் ஸ்கொயர்ஸ் (வேறுபாட்டில் எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு) வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆர்-இன் ஏஓவி டைப் 1 கணக்குப் போடும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் டைப் 3. ஜமோவி, ஜாஸ்ப் மென்பொருள்கள் இரண்டிலும் டிஃபால்ட் டைப் 3தான். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணிக்கை இருந்தால் எல்லா வகையும் ஒரே விடை தரும். பாடப் புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதனால் வகுப்பில் இந்தப் பேச்சே வராமல் போய்விடுகிறது.

உங்கள் டேட்டாவில் 69 பெண்களில் 38 பேர் ஹாஸ்டல், 51 ஆண்களில் 12 பேர்தான் ஹாஸ்டல். பாலினமும் வசிப்பிடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த வேறுபாடு பாலினத்தால் வந்ததா, ஹாஸ்டலால் வந்ததா என்று பிரிக்க முடியாத பங்கு ஒன்று இருக்கும். டைப் 1-இல் அந்தப் பங்கு முழுவதும் வரிசையில் முன்னால் நிற்கும் காரணிக்குப் போய்விடும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் இலைக்கே வடையெல்லாம் போன கதை. கட்டளையில் வசிப்பிடத்தை முதலிலும் பாலினத்தை இரண்டாவதாகவும் எழுதி ஓட்டிப் பாருங்கள், பாலினத்தின் எஃப் இறங்கும்.

லேபுக்குப் போகும்போது எஸ்பிஎஸ்எஸ்ஸில் யூனிவேரியேட் பெட்டியில் மாடல் பட்டனை அழுத்துங்கள். அடியில் சம் ஆஃப் ஸ்கொயர்ஸ் என்று ஒரு சின்னத் தேர்வு இருக்கும். அதை டைப் 1 ஆக்கி, பாலினம் முதலில் வரும்படி வைத்தால் உங்கள் 6.96 அங்கேயும் வரும்.

மார்கழிக்குயில்:
வரிசை மாற்றினேன், 2.68 வந்தது! ஆனால் இப்போது குழப்பம் கூடிவிட்டது. ஆர்-இல் கார் என்ற பேக்கேஜ் (கூடுதல் கருவித் தொகுப்பு) போட்டு டைப் 3 என்று கேட்டால் பாலினத்துக்கு எஃப் 0.43, பி 0.51 என்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் 2.89 வர வேண்டாமா?

இரவுப்பறவை:
இது ஆர் புதிதாகப் பழகுகிற பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆர் சாதாரணமாக ட்ரீட்மென்ட் கான்ட்ராஸ்ட் (ஒரு பிரிவை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிடும் முறை) வைத்துத்தான் மாடல் கட்டும். ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் பிரிவு அதற்கு அடிப்படை. உங்கள் ஃபைலில் ஹோம் என்பது ஹாஸ்டலுக்கு முன்னால் வரும். இன்டராக்‌ஷனும் மாடலில் இருப்பதால், நீங்கள் பார்த்த 0.43 வீட்டில் தங்கியிருக்கும் ஆண் பெண் வேறுபாட்டை மட்டும் சோதித்த எண். மொத்தப் பாலின எஃபெக்ட் அது இல்லை. வருத்தம் என்னவென்றால், மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராமல் பதிலை நீட்டிவிடும்.

மாடலை ஓட்டுவதற்கு முன் கான்ட்ராஸ்டை சம் வகைக்கு (எல்லாப் பிரிவுகளின் பொதுச் சராசரியோடு ஒப்பிடுவது) மாற்றிவிட்டு, மறுபடி மாடலைக் கட்டி, பிறகு டைப் 3 கேளுங்கள். இல்லையென்றால் ஆஃபெக்ஸ் பேக்கேஜ் போடுங்கள். அது தானாகவே சம் கான்ட்ராஸ்ட் வைத்து டைப் 3 தரும்.

மார்கழிக்குயில்:
வந்துவிட்டது அண்ணா, 2.89! ஆஃபெக்ஸிலும் அதேதான்.

இன்னொரு சிக்கல். கைடிடம் காட்டினேன். "6.96 சிக்னிஃபிகன்ட்தானே, ஹைப்போதிசிஸ் நிரூபணமாகிவிட்டது, அதையே போடும்மா" என்கிறார்.

எண்கணக்கன்:
போடாதீர்கள். விடையைப் பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் பி மதிப்புக்கு அர்த்தமே போய்விடும். 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பகுப்பாய்வில் இப்படிச் சின்னச் சின்னச் சலுகைகளை எடுத்துக்கொண்டே போய், ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு ஒன்றரை வயது குறைந்துவிட்டது என்று பி 0.05-க்குக் கீழே காட்டிவிட்டார்கள்! எவ்வளவு சுலபமாகத் தவறான முடிவுக்குப் போகலாம் என்று காட்டுவதுதான் அவர்கள் நோக்கம்.

உங்கள் கட்ட சராசரிகளைப் போடுங்கள், பார்ப்போம்.

மார்கழிக்குயில்:
பெண்கள்: ஹாஸ்டல் 22.6, வீடு 19.4, ரூம் 20.3. ஆண்கள்: ஹாஸ்டல் 20.2, வீடு 18.2, ரூம் 17.3.

எண்கணக்கன்:
பாருங்கள், ஆண் பெண் இருவருக்குமே ஹாஸ்டலில்தான் அழுத்தம் அதிகம். பெண்களில் பாதிக்கு மேல் ஹாஸ்டல். எல்லாப் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்தால் சராசரி 21.2, ஆண்கள் 18.3, வேறுபாடு 2.9. ஏஓவி சோதித்தது இதை. இதில் ஒரு பகுதி ஹாஸ்டலின் கைவரிசை. மூன்று வசிப்பிடத்துக்கும் சம எடை கொடுத்தால் 20.8-க்கு 18.6, வேறுபாடு 2.2. டைப் 3 சோதிப்பது இதை. 95 சதவீத நம்பக எல்லை கிட்டத்தட்ட -0.4 முதல் 4.8 வரை. வேறுபாடே இல்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதை அப்படியே எழுதுங்கள்.

டைப் 3-க்கும் ஒரு விலை உண்டு. ரூமில் இருக்கும் அந்த 6 பெண்கள், பெண்கள் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்குகிறார்கள். இதை லிமிடேஷன்ஸில் கட்டாயம் சொல்லுங்கள்.

செங்கை சைக்காலஜி:
எண்கணக்கன் சாரோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். இன்டராக்‌ஷன் 0.18 என்று படுத்துக் கிடக்கும்போது நான் டைப் 2தான் போடுவேன். மற்ற மெயின் எஃபெக்டைச் சரிக்கட்டி, இருக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை தரும், 6 பேரை மிகைப்படுத்தாது. வரிசை மாற்றியபோது வந்த 2.68 டைப் 2தான், பி 0.10. டைப் 3 வேண்டவே வேண்டாம் என்று வெனபிள்ஸ் மாதிரி புள்ளியியலாளர்கள் 1990-களிலேயே வாதாடியிருக்கிறார்கள். நம் உளவியல் துறைகளில் அது ஓடுவதற்குப் பெரிய காரணம் எஸ்பிஎஸ்எஸ்ஸின் டிஃபால்ட் என்பதே என் கணிப்பு.

எண்கணக்கன்:
டைப் 2 போட்டாலும் எனக்குச் சம்மதமே. இங்கே இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வருகின்றன. சினாப்ஸிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எஸ்பிஎஸ்எஸ் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் டைப் 3-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

மார்கழிக்குயில்:
ஆமாம் சார், சினாப்ஸிஸில் எஸ்பிஎஸ்எஸ் என்றுதான் இருக்கிறது. கைடிடம் எப்படிச் சொல்வது? நேராக மறுத்தால் கோபித்துக்கொள்வார்.

செங்கை சைக்காலஜி:
மறுத்துப் பேசவே வேண்டாம்மா. எண்ணிக்கை அட்டவணையையும், வரிசை மாற்றிய இரண்டு அவுட்புட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "சார், வைவாவில் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் இந்த வரிசை மாறுவதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். மெத்தட்ஸ் அத்தியாயத்தில் மென்பொருளின் பெயர், வெர்ஷன் எண், டைப் 3 சம் ஆஃப் ஸ்கொயர்ஸ், ஆறு கட்டங்களின் எண்ணிக்கை எல்லாம் வந்துவிடட்டும். எஃப், பி மதிப்போடு பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர்டும் (தாக்கம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) கேட்பார்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஆப்ஷன்ஸில் எஃபெக்ட் சைஸை டிக் செய்தால் வரும்.

மார்கழிக்குயில்:
நாளை காட்டுகிறேன் அக்கா. பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர்டு பாலினத்துக்கு 0.025 என்று ஆர் சொல்கிறது, சரியா?

இரவுப்பறவை:
2.89-ஐ 2.89 கூட்டல் 114-ஆல் வகுத்தால் 0.025. சரிதான்.