3 லட்சம் ரூபாய்க்குத் தொடுதிரை வாங்குவதா, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க ஆள் வைப்பதா?

நொய்யல்கரை:
வணக்கம். பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வாரச் சம்பளத்திலிருந்து நூறும் இருநூறுமாக வந்த பணம். ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. பள்ளியில் 63 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள்.

கூட்டத்தில் இரண்டு கட்சியாகிவிட்டோம். பெரிய தொடுதிரை ஒன்றும் கைக்கணினிகள் பத்தும் வாங்கலாம் என்கிறார்கள் சிலர். உள்ளூரில் பட்டம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் ஒருவரை மாதம் 6,000 ரூபாய்க்கு அமர்த்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார்கள் மற்றவர்கள். ஆண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தால் ஐந்து ஆண்டுகளுக்கு இந்தப் பணம் வரும். நான் எந்தப் பக்கமும் இன்னும் சாயவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
ஆளை வையுங்கள், அண்ணா. தயங்கவே வேண்டாம்.

கோபி வட்டாரத்தில் 24 ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2022இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம், அதன் பிறகு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியருக்குக் கைக்கணினி. எதையும் நான் வெறுத்ததில்லை. ஒவ்வொன்றையும் முழு மனதோடுதான் கற்றுக்கொண்டேன். அட்டைகள் கிழிந்து போயின. அந்த நாளில் சுவரின் அடியில் பிள்ளைகளின் உயரத்துக்குப் பூசிய தாழ்நிலைக் கரும்பலகை மட்டும் இன்றும் என் வகுப்பில் உழைக்கிறது. அங்கே பிள்ளை எழுதுகிறாள், நான் பக்கத்தில் குனிந்து பார்க்கிறேன்.

வாசிப்பும் அப்படித்தான். 'மரம்' என்ற சொல்லை ம, ர, ம் என்று ஒரு குழந்தை தனித்தனியாகச் சொல்லிவிட்டு நிற்கும். மூன்றும் தெரியும், சேர்க்கத் தெரியாது. நிற்கிற அந்த இடத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, "சேர்த்துச் சொல்லு கண்ணு" என்று காத்திருக்க வேண்டும். உங்கள் பள்ளிக் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று நிமிடம் என்றால் 63 பிள்ளைகளுக்கு 189 நிமிடம். இரண்டு ஆசிரியர்கள் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஐந்து வகுப்புகளை மேய்த்துக்கொண்டு, பதிவேற்ற வேண்டிய விவரங்களையும் பதிவேற்றிக்கொண்டு இருக்கும் எங்களிடம் அந்த நேரம் இல்லை. இந்தப் பணத்தால் அந்த நேரத்தை வாங்குங்கள்.

ஊடைநூல்:
சோமனூரில் விசைத்தறி வீட்டில் பிறந்தவன் நான். இப்போது கோவையில் மென்பொருள் வேலை. டீச்சரின் கணக்கை வைத்தே மறுக்கிறேன்.

அமர்த்தப்போகும் பெண் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையின் வாசிப்பைத்தான் கேட்க முடியும். அவருக்குத் திருமணமானாலோ நல்ல வேலை கிடைத்தாலோ போய்விடுவார். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, 6,000 ரூபாய் யாருக்கும் வாழ்க்கை ஆகாது. வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன. பத்துக் கருவிகள் இருந்தால் பிள்ளைக்கு இருபது நிமிடம் வீதம் இரண்டு மணி நேரத்தில் அறுபது பேர் வாசித்துவிடலாம். மூன்று நிமிடம் எங்கே, இருபது நிமிடம் எங்கே?

இன்னொன்று. நான் திக்குவாய்ப் பிள்ளை. நான்காம் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. கருவி சிரிக்காது, முகம் சுளிக்காது, நூறு முறை தப்பாகச் சொன்னாலும் நூற்றொன்றாவது முறையும் கேட்கும். அப்படி ஒன்று எனக்கு அன்று கிடைத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் பாழாகியிருக்காது.

கரும்பலகை:
தம்பி, உங்களைச் சிரிக்க விட்ட வகுப்பறைக்காக ஓர் ஆசிரியையாக வருந்துகிறேன். வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்வதை நானும் என்றோ விட்டுவிட்டேன். நான் கேட்பது மூலையில் பாயில் உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் வாசிப்பது.

நீங்கள் சொல்லும் மாதிரியான செயலி ஒன்றை என் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். பக்கத்தில் மூன்று பேர் வாசித்தால் யார் குரல் என்று அதற்குத் தெரியவில்லை. 'பளம்' என்று சொன்ன பிள்ளைக்குச் சரி என்று நட்சத்திரம் போட்டது. மெதுவான குரலில் 'பழம்' என்று சரியாகச் சொன்னவளைத் தவறு என்றது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 'கிளி' என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு பையன் 'குருவி' என்றான். கருவி தவறு என்று சொன்னதோடு சரி. அவன் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொல்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. மறுநாள் படத்தை மறைத்துவிட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அவன் எழுத்துக்கு வந்துவிட்டான். தவறு என்று சொல்வது எளிது, ஏன் தவறினான் என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

ஒன்றரை ஷிப்ட்:
டீச்சர் மேல் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன். திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. நான் எட்டாவதோடு நின்றவள், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைகள் மூன்று வயதிலேயே திரையைத் தொட்டுப் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு என்று வரும்போது மட்டும் எல்லோரும் பழைய முறையின் பெருமையைப் பேசுகிறீர்கள். பத்து வருடம் கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் பிள்ளைகளோடுதானே இவளும் நிற்க வேண்டும்? கருவியைத் தொட்டுப் பார்க்க இவளுக்கு இருக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

நாமக்கல் சாலை:
அக்கா, அந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், கேளுங்கள். கட்டணம் வாங்கும் ஒரு பள்ளியில் என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கணினி, வீட்டுப்பாடமும் அதிலேயே. சரியான விடையைத் தொட்டால் மணி அடிக்கும். சென்ற விடுமுறையில் அவனுடைய அம்மிச்சிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நான்கு வரி எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடத் தெரிந்த பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை. பணம் கட்டி நான் வாங்கியதை இலவசமாகக் கிடைக்கிறது என்று நீங்கள் வாங்கிவிடாதீர்கள்.

கருவிகளை முன்பே அள்ளிக் கொடுத்த சுவீடன் 2023இல் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்புவதாக அறிவித்தது. நான்காம் வகுப்பு வாசிப்பைச் சோதிக்கும் பன்னாட்டுத் தேர்வில் அந்த நாட்டின் மதிப்பெண் 2016இல் 555, 2021இல் 544. கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் தட்டச்சு செய்யும்போதைவிட விரிவாக இணைந்து இயங்குகின்றன என்று நார்வே ஆய்வு ஒன்றும் 2024இல் சொன்னது.

ஊடைநூல்:
அந்த நார்வே ஆய்வில் இருந்தவர்கள் 36 பல்கலைக்கழக மாணவர்கள். எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த பெரியவர்கள். அதை வைத்து ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி உறுதியாகப் பேச முடியாது. சுவீடனில் 544க்கு இறங்கியதற்குக் கவலைப்படுகிறார்கள். அங்கே பள்ளிக்குள்ளேயே நூலகம் இருக்கிறது, வீட்டிலும் புத்தகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள், வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வில் 2022இல் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 2024இல் 12 ஆக உயர்ந்தது. உயர்ந்த பிறகும் 88 பேர் நிற்கிறார்கள். தங்கள் நோய்க்குச் சுவீடன்காரர்கள் தேடும் மருந்து நம் நோய்க்கு ஆகாது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று கையால் எழுத, பிள்ளை முதலில் ஒற்றைக்கொம்பு போட வேண்டும், பிறகு க, பிறகு கால். வாயில் முதலில் வருவது க், பின்னால் வருவது ஒ. காதில் விழும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறு. தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ என்று தட்டினால் கொ வந்துவிடும். ஒலி எந்த வரிசையோ அதே வரிசை. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய வெளிச்சம்.

கருவிக்கு ஏற்ப எழுத்தை மாற்றுவதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோட்டுப் பெரியார் 1935இல் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். அரசு ஏற்றது 1978இல். என் அப்பச்சி கடைசி வரை 'யானை'க்குத் தும்பிக்கை வைத்த பழைய னை தான் எழுதினார். நான் புதிய எழுத்தில் படித்தேன். அதனால் நான் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கரும்பலகை:
கொம்பைப் பற்றிச் சொன்னது உண்மை. இத்தனை ஆண்டில் ஒரு மென்பொறியாளர் இதைக் கவனித்துச் சொல்லி நான் கேட்டதில்லை, மகிழ்ச்சியாக இருக்கிறது. கெ, கே, கொ, கோ நான்கும் குழம்பாத இரண்டாம் வகுப்பு கிடையாது. ஆனால் புத்தகத்தில் அச்சாகியிருப்பது கொம்பு முன்னால் நிற்கும் எழுத்துதான். கண் அதை இடமிருந்து பார்க்கிறது. கொம்பைக் கண்டதும் "ஏதோ எ, ஏ, ஒ, ஓ வரப்போகிறது, பொறு" என்று பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமை கை பலமுறை கொம்பு போட்ட பிறகுதான் கண்ணுக்கு வருகிறது. மணலில் எழுத வைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். விசையைத் தட்டும் பிள்ளைக்கு எழுத்து முழுதாக வந்து விழுந்துவிடுகிறது, அது எப்படி ஆனது என்று தெரிவதில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்பில் தமிழ்99 கற்றுக்கொடுங்கள், நானே கைதட்டுவேன். முதல் இரண்டு ஆண்டுகள் வேண்டாம்.

5இலிருந்து 12 ஆனது என்றீர்கள். அந்த இரண்டு ஆண்டில் எங்கள் வகுப்பில் நடந்தது எண்ணும் எழுத்தும்: பாட்டு, பொம்மை, அட்டை, அதோடு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து உட்கார வைத்தது. அந்தப் பலனில் திரைக்குப் பெரிய பங்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றரை ஷிப்ட் அம்மாவுக்கு: உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் மகளுக்குக் கருவி வேண்டும். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை கையில் அது வெறும் படம் காட்டும் பெட்டி. வாசிக்கத் தெரிந்த பிறகு அதே கருவியில் உலகமே அவளுக்குக் கிடைக்கும்.

திம்பம் மலைப்பாதை:
தாளவாடிப் பக்கம் வேலை பார்க்கிறேன். இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். என் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம். 'மரம்' என்று சேர்த்து வாசித்தாலும் அது தங்கள் கன்னடத்து 'மர' தான் என்று புரிய ஒரு நொடி ஆகும். கைபேசியில் அவர்களுடைய பாட்டிமார் கதைகளை அவர்கள் மொழியிலேயே பதிந்து வந்து போட்டுக் காட்டுகிறேன். பிறகு அதே கதையைத் தமிழில் சொல்லி, எழுதி, வாசிக்கிறோம். இதற்குத் தொடுதிரை தேவையில்லை, ஒலிபெருக்கி ஒன்று போதும். நொய்யல்கரை அண்ணா, உங்கள் 63 பேரில் வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை?

நொய்யல்கரை:
பதினொரு பேர். எட்டு ஒடியா, மூன்று இந்தி. இந்தக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை.

ஊடைநூல்:
அந்தப் பதினொரு பேருக்காகவே கருவி வேண்டும் என்பேன். ஒடியா தெரிந்த ஆசிரியரைப் பல்லடத்தில் எங்கே தேடுவது? கேட்டுப் புரிந்துகொள்ள அவர்கள் மொழியில் கதை சொல்லும் குரல் கருவியில்தான் கிடைக்கும்.

திம்பம் மலைப்பாதை:
அந்தக் குரல் பிள்ளையின் அம்மாவிடமே இருக்கிறது, தம்பி. பனியன் கம்பெனி விடுதிக்கு ஒரு ஞாயிறு போய்ப் பதிந்து வாருங்கள்.

நொய்யல்கரை:
கூட்டம் முடிந்தது. ஒரு மனதான முடிவு இல்லை, மூன்று மணி நேரம் பேசினோம். ஜூன் முதல் ஓராண்டுக்கு ஆள் வைப்பது என்றும், 60,000 போக மீதி 2,40,000 வங்கியில் கிடக்கட்டும் என்றும் கையெழுத்தாகியிருக்கிறது. நான் கடைசியில் ஆள் பக்கம் சாய்ந்தேன். 'கிளி', 'குருவி' கதை என்னை விடவில்லை. திரை கேட்ட ஏழு பேர் கோபத்தோடு போனார்கள், அதில் இருவர் என் சொந்த மச்சான்கள்.

ஊடைநூல்:
என் எண்ணம் மாறவில்லை. எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று ஜூனிலும் ஏப்ரலிலும் எண்ணி, ஆண்டு முடிவில் இங்கே எழுதுங்கள். ஒடியா, இந்தி வீடுகளுக்குப் பதியப் போகும்போது கூப்பிடுங்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு நான் வருகிறேன்.

ஒன்றரை ஷிப்ட்:
என் மகளுக்கு இதில் எதுவும் கிடைக்கப்போவதில்லை, அவள் வேறு பள்ளி. எங்கள் பள்ளிக்கும் இப்படி யாராவது பணம் சேர்த்தால் சொல்லுங்கள்.

கரும்பலகை:
அந்தப் பெண்ணை மே மாதக் கடைசியில் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு அனுப்புங்கள், அண்ணா. பள்ளி திறந்திருக்காது, ஆனால் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். என் வீட்டுத் திண்ணையில் வைத்து, எப்போது திருத்துவது, எப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று காட்டிக்கொடுக்கிறேன். பஸ் கட்டணம் நான் தருகிறேன்.