மூட்டுவாதம் உள்ள வயதான குதிரைக்கு மீண்டும் லாடம் அடிக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 19 வயதான கத்தியவாரிப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. வலது முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டில் எலும்பு வளர்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்த கால்நடை மருத்துவர் சொன்னார். இப்போது சவாரி இல்லை. தென்னந்தோப்பில் நடக்க விடுவதோடு சரி. சென்ற மாதம் முன்கால் லாடங்களைக் கழற்றியதிலிருந்து மண்ணில் நன்றாகவே நடக்கிறாள்; ஆனால் வாசலில் கொட்டிய ஜல்லியைக் கண்டதும் நின்று, ஓரத்துப் புல்லில் ஒதுங்கிப் போகிறாள். லாடம் அடிப்பவர் திரும்ப அடித்துவிடலாம் என்கிறார். மருத்துவரோ வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி 1:
ஜல்லியில் தயங்குவது பெரும்பாலும் மூட்டு வலியால் அல்ல, அடிக்குளம்பு மெலிந்திருப்பதால்தான். சமமான கெட்டித் தரையில் நடத்திப் பாருங்கள். அங்கும் நொண்டினால் மூட்டைச் சந்தேகிக்கலாம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும். முழுதும் புதிதாக வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்பதால், ஒரு மாதத்தில் முடிவுகட்டுவது அவசரம். லாடத்தைவிட நான் கவலைப்படுவது குளம்பின் நுனியைப் பற்றித்தான். நுனி நீண்டுவிட்டால், காலைத் தரையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டின் மீது கூடுதல் பாரம் விழும். ஐந்து, ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் சீவி, நுனியை உருட்டிவிடச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
எங்கள் 23 வயதுக் குதிரைக்கு லாடம்தான் ஒத்துவந்தது. ஐந்து மாதம் வெறுங்குளம்போடு வைத்திருந்தும் அடிக்குளம்பு தடிக்கவில்லை; நுனி உருட்டிய, எடை குறைந்த லாடம் போட்ட பிறகே தானாக மேயப் போனான். ஆனால் லாடம் அடிப்பதே அவனுக்குப் பெரும் வேதனை. பின்னங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியபோது உடம்பே நடுங்கியது. அதன்பின், மருத்துவர் சொன்னபடி முன்கூட்டியே வலி மருந்து கொடுத்து, ரப்பர் விரிப்பில் நிறுத்தி, காலைத் தாழ்வாகவே பிடித்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டோம். இன்னொன்று: மாட்டுக்கு மட்டுமே அடித்துப் பழகியவரிடம் விடாதீர்கள். குதிரைக் குளம்பின் பின்பாகம் ஒவ்வோர் அடியிலும் சற்று விரிந்து சுருங்கும். அங்கே ஆணி இறங்கினால் அந்த அசைவு கட்டுப்பட்டுவிடும்.

மறுமொழி 3:
நான் கால்நடை மருத்துவர். 15 வயதைக் கடந்த குதிரைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறும், அதன் விளைவாகக் குளம்பழற்சியும் வரக்கூடும். குளம்பில் சூடும், அதற்கு மேல் விரல் வைத்தால் பலமான நாடித்துடிப்பும் தெரிந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். பியூட்டசோன் போன்ற வலி மருந்தை நீங்களாகவே நீட்டிக்காதீர்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை சிமெண்டுத் தளத்தில் நடத்திப் பார்த்தேன், நொண்டவில்லை. குளம்பிலும் சூடு இல்லை. மருத்துவரிடம் பேசிவிட்டு இப்போதைக்கு லாடத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். ஜல்லியை அள்ளிவிட்டு வாசலில் ஆற்று மணல் பரப்ப ஆள் சொல்லியிருக்கிறேன்.