'செட்' என்ற ஒரு சொல்லை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். மகளுக்கு வீட்டில் நான்தான் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். 'செட்' என்ற சொல்லில் இருவருமே மாட்டிக்கொண்டோம். சூரியன் மறைந்தாலும் செட், அலாரம் வைத்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், சாப்பாட்டு மேசையில் தட்டு, கரண்டி எடுத்து வைத்தாலும் செட், ஆறு டம்ளர் சேர்ந்தாலும் அதுவும் ஒரு செட். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சொல்லுக்குத்தான் இருப்பதிலேயே நீளமான பதிவாம், அப்படியானால் பிள்ளை குழம்புவதில் என்ன தப்பு?

நாம் தமிழில் பேசும் 'செட்' இதில் இன்னொரு சிக்கல். 'இது எனக்கு செட் ஆகவில்லை' என்று நான் அடிக்கடி சொல்வேன். அதைக் கேட்டு அவள் நோட்டில் 'திஸ் டிரஸ் டிட் நாட் செட் ஃபார் மீ' என்று எழுதி வைத்திருக்கிறாள். அங்கே 'சூட்' வர வேண்டும் என்று திருத்தினேன், ஆனால் ஏன் என்று கேட்டபோது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

'சிட்' என்றால் அமர், 'செட்' என்றால் அமர்த்து என்று தொடங்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். மேசை, அலாரம் வரைக்கும் புரிந்துகொண்டாள். அப்புறம் செட் ஆஃப், செட் அப், செட் இன் என்று வந்ததும் விழிக்கிறாள். இவற்றைத் தனித்தனிச் சொல்லாகவே மனப்பாடம் செய்ய விடலாமா, இல்லை வேறு வழி இருக்கிறதா? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.