சிங்கப்பூர் போனபோது செய்த தவறு: உங்களை இன்னும் உறுத்தும் ஒன்றை எழுதுங்கள்

பாலாற்றங்கரை எழுதியது:

மூன்று மாதமாக மனத்தில் கிடந்து உறுத்துவதால் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கைப்பேசியில் வானிலையைப் பார்த்துவிட்டு, "பகலில் 32 டிகிரிதான் அப்பா, வேலூர் மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு வெயிலா?" என்று சொன்னவன் நான்தான். எழுபத்தொரு வயது அப்பா அதை நம்பித்தான் என்னோடு நடந்தார்.

ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்று நான் முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்தேன். அதனால் அவர் ரயிலில் மட்டுமல்ல, காலையிலிருந்து எங்குமே பையிலிருந்த பாட்டிலைத் தொடவில்லை. அந்நிய ஊரில் கழிப்பறை தேடி அலைய வேண்டியிருக்குமே என்ற கூச்சமும் அவருக்கு இருந்திருக்கிறது. அதைப் பிறகுதான் சொன்னார்.

மதியம் ஒரு மணிக்கு மெர்லயன் சிலைக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் வெயிலில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். இங்கே காயவே இல்லை. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் வலைக்கண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முழங்கையிலிருந்து நீர் சொட்டியது. என் மகள் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய பேச்சு நின்றுவிட்டதைக் கவனித்தவன் நான் இல்லை. பாலத்து நிழலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நம் ஊர்க் கட்டுமானத் தொழிலாளி ஒருவர்தான் ஓடி வந்து, "அண்ணே, ஐயாவை முதல்ல நிழலுக்குக் கொண்டு வாங்க, சட்டைப் பொத்தானைக் கழற்றுங்க" என்றார். தாம் குடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த, ஐஸ் போட்ட தேநீர்ப் பையை அவிழ்க்காமல் அப்படியே அப்பாவின் கழுத்தில் வைத்து அழுத்தினார். "நாங்களே வந்த புதுசுல சில நாள் பழகித்தான் முழு வேலைக்கு இறங்குவோம்ணே, ஐயா நேத்துதானே வந்திருக்காரு" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இருபது நிமிடத்தில் அப்பா தெளிந்துவிட்டார்.

நொய்யல் எழுதியது:

எங்களுக்கு நடந்தது இதற்கு நேரெதிர். வெயிலுக்குப் பயந்து, அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளன்று மாலை முழுவதையும் கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) கண்ணாடிக் கூடங்களுக்குள்ளேயே கழிக்கலாம் என்று முடிவு செய்தேன். நடந்த வியர்வை காயும் முன்பே, 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழும் அந்தக் குளிர்ந்த கூடத்துக்குள் நுழைந்தோம். அரை மணி நேரத்தில், நனைந்த பருத்திப் புடவையோடு அம்மாவுக்கு உதடு நடுங்கத் தொடங்கிவிட்டது. மாற்றுத் துணியோ துண்டோ கையில் இல்லை.

அதைவிட இன்றுவரை உறுத்துவது வேறு. 7:45 மணி ஒளிக்காட்சிக்காகக் கூடத்திலிருந்து நேராக வெளியே ஓடி வந்தோம். கதவைத் தாண்டிய நொடியில் அப்பா, அம்மா இருவருடைய மூக்குக் கண்ணாடிகளும் ஒருசேர வெளுத்துப் போயின. கேமராவின் லென்ஸும் அப்படியே. துடைத்தால் மறுபடி மூடியது. தோட்டத்தில் நிற்கும் ராட்சதச் செயற்கை மரங்கள் பாட்டோடு சேர்ந்து நிறம் மாறிக்கொண்டிருக்க, அம்மா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தபடியே நின்றார். நான் எடுத்த படங்களில் இரண்டு முகங்களும் பஞ்சுப் பொதிக்குள் இருப்பதுபோல் இருக்கின்றன. 8:45 மணிக்கு இன்னொரு காட்சி உண்டு என்பது விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளிர்ந்த இடத்திலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியபடியே வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுத்திருந்தால் போதும்.

தேக்காவாசி எழுதியது:

பதினெட்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். மேலே எழுதிய இருவரும் மன்னிக்க வேண்டும். பழியை வெயில்மீது போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேரத்தையும் வழியையும் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு. என் சொந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவும் அத்தானும் வந்திருந்தபோது, பேருந்தில் ஏறுகையில் கட்டணத்துக்காக வங்கி அட்டையைக் கருவியில் தட்டிவிட்டு, இறங்கும்போது தட்டாமலே நான்கு நாள் சுற்றினார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பேருந்து போகக்கூடிய கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் கழிந்துவிடும். அத்தான் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டபோதுதான், சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான் என்பது உறைத்தது. ஓர் அட்டையில் ஒருவர்தான் பயணம் செய்ய முடியும் என்பதையும் நான் சொல்லவில்லை.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். சிங்கப்பூர் 1982-இல் கடிகாரத்தை உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் என மாற்றி வைத்துக்கொண்டது. அதனால் இங்கே விடிவதும் இருட்டுவதும் ஏழு மணியை ஒட்டித்தான். சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு மணிக்கு. பாலாற்றங்கரை மெர்லயன் அருகே நின்றது சரியாக அந்த உச்சிப் பொழுதில். ஊர்ப் பழக்கத்தில், மூன்று மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று கிளம்புகிறவர்களும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஒரு சுற்று, ஐந்து மணிக்கு மேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். பூமலை எனப்படும் தாவரவியல் பூங்கா அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறது, ஆர்க்கிட் தோட்டத்தைத் தவிர நுழைவுக் கட்டணமும் கிடையாது. நம்மவர்களோ அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கப் போகிறார்கள்.

வழியும் அப்படித்தான். சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழி என்ற கூரையுள்ள நடைபாதை, 1822-இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்த காலத்திலிருந்து மழைக்கும் வெயிலுக்குமாகவே கட்டப்பட்டு வருவது. அதன் ஓரத்தில் இறங்கிச் சாலையிலேயே நடக்கும் சுற்றுலாக் குழுக்களை நான் தினமும் பார்க்கிறேன். குடியிருப்பு புளோக்குகளிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதைகள் இருக்கின்றன. சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினால், எஸ்பிளனேட் கலையரங்கம் வரை தரைக்கடியிலேயே குளுகுளுவென்று நடந்து போகலாம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம், ரயில் நிலையங்களில் கழிப்பறை இருக்கிறது. ஆகவே கழிப்பறையை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நிலை இந்த ஊரில் யாருக்கும் வரவே கூடாது. குடையை மறக்காதீர்கள். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் இங்கே இடி இடிக்கும். இடி கேட்டால் குடையை நம்பித் திறந்த வெளியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

பொன்னி எழுதியது:

நான் செய்த தவறு விமான நிலையத்தைத் தாண்டுவதற்கு முன்பே நடந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்குப் போனேன். பெட்டியில் பிரசவ மருந்துப் பொருள்கள், அரைத்த மசாலா, அத்தோடு ஒரு பழைய காபித்தூள் டப்பா நிறையக் கசகசா. சாங்கியில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, கையுறை போட்ட கையால் அந்த விதையை வெள்ளைத் தாளில் மெதுவாகக் கொட்டிப் பரப்பி, "இது என்னம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். குருமாவுக்கு அரைப்பது என்று நான் விளக்கமாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கக்கூடும் என்று போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் தனி அறையில் உட்கார்ந்திருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், டப்பாவை எடுத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே நிறைமாத வயிற்றோடு மகள் நின்றபடியே காத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. கோடின் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கீழவாசல் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இறங்குமுன் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை இணையத்தில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் நான்கு பேருக்கும் பணம் கட்டி நிரப்பினேன். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது என்பதும், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்திலேயே நிரப்ப வேண்டும் என்பதும் சென்னை விமான நிலைய வரிசையில் முன்னால் நின்ற கல்லூரிப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மலைக்கோட்டை எழுதியது:

பணமோ சட்டமோ சம்பந்தப்படாத சின்ன விஷயம், ஆனாலும் மறக்கவில்லை. உணவங்காடி நிலையத்தில் மதியக் கூட்டம். ஒரு மேசைமேல் சின்ன டிஷ்யூ பொட்டலம் ஒன்று மட்டும் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஓர் இளம்பெண் இரண்டு கையிலும் சூப் கிண்ணத்தை ஏந்தியபடி வந்து நின்றார். பொட்டலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனார். ஆவி பறக்கும் கிண்ணத்தோடு அவர் வரிசை வரிசையாக இடம் தேடியதை நான் சாப்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலம்தான் அங்கே இடம் பிடித்து வைப்பதற்கான அடையாளம் என்று அன்றிரவு தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு கடைக்காரர் சொன்னார்.

போதாததற்கு, தட்டுகளையும் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தோம். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு சீனப் பாட்டி எங்கள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, தட்டு வைக்கும் அடுக்கை விரலால் காட்டினார். 2021 செப்டம்பர் முதல் அதுவும் சட்டம். முதல் முறை எச்சரிக்கை, பிறகு அபராதம்.

இரவுப்பணி எழுதியது:

செவிலியராக இருக்கிறேன். தேக்காவாசி சொன்ன வழிகளெல்லாம் நல்ல வழிகள்தாம், ஆனால் வெயில்மீது பழி இல்லை என்று அவர் சொல்வது சரியல்ல. இந்த எண்ணத்தால்தான் பெரியவர்கள் விழுகிறார்கள். என் அம்மாவும் அங்கே விழுந்தார், செந்தோசாவில், காலை பதினொரு மணிக்கு. உச்சிப் பொழுதுகூட ஆகவில்லை, குடையும் இருந்தது. நானே பக்கத்தில் இருந்தும், "கொஞ்சம் அசதி" என்று அவர் சொன்னதை அசதி என்றே எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. 1983-இல் ஒரு முறையும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அந்த அளவைத் தொட்டது. வேலூருக்கும் திருச்சிக்கும் அது சாதாரணம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் உடம்பைக் குளிர வைப்பது வியர்வை வருவது அல்ல, அது ஆவியாவதுதான். அங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போகிறது, மழையில்லாத மதியத்திலும் 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பாலாற்றங்கரை பார்த்தாரே, முழங்கையில் சொட்டிய நீர், அது உடம்பைக் குளிர வைக்காமல் வீணாக வெளியேறிய நீர். அங்குள்ள வானிலைத் துறை 2023 ஜூலை முதல் வெப்பம், ஈரம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளந்து, குறைவு, மிதம், அதிகம் என்று வெப்ப அழுத்த எச்சரிக்கை வெளியிடுகிறது. பார்க்க வேண்டியது அதைத்தான். அந்தத் தொழிலாளி சொன்னதும் உண்மை; வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் தொழிலாளர்களைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும் என்று அங்கே 2023-இல் விதியே கொண்டுவந்தார்கள். நாம் பெற்றோரை இறங்கிய மறுநாளே பத்துக் கிலோமீட்டர் நடத்துகிறோம்.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். வியர்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு குழறினால், கேட்டதற்குப் பதில் வராவிட்டால், நடை தள்ளாடினால் உடனே ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழைத்து, நிழலில் படுக்க வைத்து, துணியை நனைத்து உடம்பைத் துடைத்து விசிற வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே தண்ணீர் கொடுக்கலாம். பாலாற்றங்கரை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அப்பா இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா?

பாலாற்றங்கரை எழுதியது:

இரவுப்பணி, உங்கள் பதிவைப் படித்தவுடன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மாத்திரை அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். நீங்கள் சொன்ன வகைதான். ஆறு ஆண்டுகளாகக் காலையில் ஒன்று சாப்பிடுகிறார். அன்றும் விடுதியில் காலை உணவுக்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் குடிக்காமல் கிளம்பியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அந்த மாத்திரையை வாங்கிக் கொடுப்பவன் நான். தேக்காவாசி, நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை பத்து மணிக்கே அங்கே நின்றிருந்தாலும் இது நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பயணத்தைப் பற்றி மகிழ்ச்சியாகத்தான் பேசுகிறார். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் சொல்வதில்லை. "அங்கே வெயிலே தெரியலப்பா" என்று சித்தப்பாவிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதுச் சித்தப்பாவும் சித்தியும் அடுத்த மாதம் புறப்படுகிறார்கள். மேலே எல்லோரும் எழுதியதை இப்போது அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பாவையும் ஒரு முறை அவரிடம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.