லயக் காம்பராவில் தகரம், ஒலி, வீடியோ: யோசனை தேவை

கொழுந்துக்காரி (டிக்கோயா):
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளில்லாத ஒரு லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) சின்னதாக ஒரு கலைப் படைப்பு வைக்கப்போகிறேன். கூரையிலிருந்து கழற்றிய பழைய தகரங்கள் இருக்கின்றன. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்து நிறுக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறது. அப்புறம் ஒலிப்பதிவுகள்: ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடுவது, தகரத்தில் மழை, எங்கள் தாத்தா அடிக்கும் தப்பு மேளம். ஆனால் ஒருமுறை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது, வந்தவர்கள் எல்லோரும் வீடியோ முன்னாலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுத்தான் பிரட்டுக் களத்துக்கு (வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) ஓடுவார்களாம். அந்தச் சத்தம் பின்னணி இசையாகப் போவது மனசுக்கு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

அட்டன்வாசி:
தங்கச்சி, ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துவிடுங்கள். தகரமே பேசட்டும். டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் 1973இல் 'ரெயின்ஃபாரஸ்ட் 4' என்று ஒன்று செய்தார். பலவிதப் பொருட்களைத் தொங்கவிட்டு, அவற்றில் அதிர்வுக் கருவிகளைப் பொருத்தினார். ஒலி அந்தப் பொருளின் உடம்பிலிருந்தே வந்தது. ஆட்கள் நடுவில் நடந்து, காதை வைத்துக் கேட்டார்கள். சிற்பமும் அதுதான், ஒலியும் அதுதான்.

அந்த அதிர்வுக் கருவி இப்போது எக்சைட்டர் என்று கேட்டால் கிடைக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும், சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) போதும். கூரைத் தகரம் வளைவு வளைவாக இருப்பதால் நேராக ஒட்டினால் பிடிக்காது. துருவை சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டு, தட்டையான மரத்துண்டு ஒன்றைத் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் ஒட்டுங்கள். தகரம் சுவரிலோ தரையிலோ படாமல் கம்பியில் தொங்கவேண்டும். மழையும் ரோலரும் அதில் பிரமாதமாக வரும். தப்பு வராது. அதன் அடித்தொனி மெல்லிய தகரத்தில் செத்துப்போகும். அதற்குப் பழைய பலகைத் தேயிலைப் பெட்டி ஒன்று தேடிப் பிடியுங்கள். தொம்மென்ற அடி அதில் நன்றாக இறங்கும்.

இன்னொன்று. தப்பு ஒலிக்கும் நேரம் முழுக்க வீடியோவை அணைத்துவிடுங்கள். விடியுமுன் கேட்ட சத்தம் இருட்டில்தான் கேட்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதுளைக் குயில்:
கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்த ஒலிப் படைப்பையும் பாருங்கள். நாற்பது குரல், நாற்பது ஸ்பீக்கர், ஆளுக்கொன்று. பாடகர்கள் பாட்டுக்கு முன் இருமுவதும் பேசிக்கொள்வதும்கூடக் கேட்கும். தாத்தா தப்பைக் காய்ச்சும் சத்தம் பதிவில் இருந்தால் வெட்டாதீர்கள். வீடியோவில் உள்ள அக்காமாரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கொழுந்துக்காரி:
நன்றி அண்ணே, அக்கா. பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காட்டுவதும், இடையிடையே தட்டிப் பார்ப்பதும் பதிவில் அப்படியே இருக்கிறது. அக்காமார் சம்மதித்துவிட்டார்கள், முதல் நாளே வந்து பார்ப்பார்களாம். பெட்டிக்கு ஸ்டோரில் கேட்கிறேன். இங்கே ராத்திரியில் ஒரே ஈரம். ஆம்பைக் காம்பராவிலேயே விடலாமா?

அட்டன்வாசி:
வேண்டாம் தங்கச்சி. தினமும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வயரில் அடையாளம் கட்டி வைத்தால் காலையில் மாட்டச் சுலபம்.