சுரங்கமா, சுருங்கையா?

வணக்கம் அக்கா,

இணையத்தில் மறைவான ஒரு வழி (ஆங்கிலத்தில் ‘டனல்’) போட்டுத் தூரத்துப் போனைக் கையாள்வதற்கு, ‘பாதுகாப்பான சுரங்கம் வழித் தொலைக்கட்டுப்பாடு’ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பொருள் சரிதான். ஆனால் ஹட்டனில் போன் திருத்திப் பிழைக்கிற எனக்கு அது வாயில் நுழையவில்லை.

அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அவருடைய போனில் ஏதாவது குழம்பினால் கடையில் இருந்தபடியே பார்த்துக் கொடுப்பேன். சிம் வழி இணையத்தில் பெரும்பாலும் பல போன்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். வெளியிலிருந்து நான் தேடிப்போனால் தட்டுவதற்குக் கதவே இருக்காது. அதனால் அம்மாவின் போன் முதலில் என் சேர்வருக்கு ஓர் எஸ்.எஸ்.எச். இணைப்பு (போகிற தகவலை மறையாக்கி அனுப்பும் இணைப்பு) எடுக்கும். அதே வழியில் நான் திரும்பி உள்ளே போய் ஆண்ட்ராய்டு போனை வெளியிலிருந்து கையாள வழிவிடும் 5555 ஆம் போர்ட்டைப் பிடிப்பேன். அந்தப் போர்ட்டை வெறும் இணையத்தில் திறந்துவிட்டால் கண்டவனும் வந்து தட்டுவான்.

ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ் டனல்’ எனப்படும் இதைத் ‘தலைகீழ்ச் சுரங்கம்’ என்றால், ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் கவிழ்ந்த மாதிரி இருக்கிறது! இங்கே எதுவும் கவிழவில்லை; உள்ளே இருப்பவர் திறந்துவிடுகிறார். ‘உட்திறப்பு’ போதாதா?

அப்புறம் சுரங்கம். தரவு தோண்டுவதற்கு (டேட்டா மைனிங்) அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுவதும் சுரங்கம்தான். தோண்டுகிற இடம் வேறு, ஊடே போகிற வழி வேறு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போகும்போது, யானைக்கூட்டம் நடக்கும் ‘சுருங்கை வீதி’ வருகிறது. சுருங்கை என்றால் மூடிய, கரந்து செல்லும் வழி. எஸ்.எஸ்.எச்.சும் அப்படித்தான்: இடையில் ஒட்டுக்கேட்பவருக்கு ஏதோ போவது தெரியும், என்ன என்பது தெரியாது. மறைவு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘பாதுகாப்பான’ என்று முன்னால் ஒட்டத் தேவையில்லை. சுருங்கை கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பவர்கள் உண்டு. வந்தால் வரட்டும், பல நூற்றாண்டாக நம்மோடு இருக்கிறதே.

‘கட்டுப்பாடு’ தோட்டத்துத் துரை போடும் சட்டம் போலக் கேட்கிறது. ‘இயக்கம்’ என்றால் நம் நாட்டில் போர்க்கால ஆயுதக் குழுக்களின் நினைப்பு வரும். ‘கையாளல்’ நல்லது, அதில் கை இருக்கிறது. ஆக, ‘சுருங்கைவழித் தொலைக்கையாளல்’.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கடைப் பையனிடம் காட்டினேன். “கோப்பைச் சுருக்குறதா அண்ணே?” என்றான். மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள் அக்கா, சுரங்கத்தைத் தவிர.